குழாய்க்குள் ஓடும் குளிரை அளப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கட்டடங்களைக் குளிர்விக்கும், சூடாக்கும் அமைப்புகளில் எவ்வளவு ஆற்றல் போகிறது, அதை எப்படி அளப்பது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இருபத்தேழு வருடமாக சில்லர் அறைகளிலும் பாய்லர் அறைகளிலும் மீட்டரோடு நின்றவள் நான். (சில்லர் என்பது கட்டடத்தைக் குளிர்விக்கும் தண்ணீரைக் குளிராக்கி அனுப்பும் இயந்திரம்.) எனக்குத் தெரிந்ததை, என் கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சில்லருக்குத் தனி மின் மீட்டர் இருக்கிறது. மாதாமாதம் யூனிட் குறித்து வைக்கிறோம். அது போதாதா? தண்ணீரின் ஓட்டத்தை வேறு எதற்கு அளக்க வேண்டும்?

பதில்: மின் மீட்டர் நீங்கள் கொடுத்ததைச் சொல்லும். அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லாது. வண்டிக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் போட்டோம் என்று மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதாமல் விட்டால் வண்டி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கிடைத்த குளிர்ச்சியைக் கணக்கிட மூன்று எண்கள் போதும். நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, சில்லரை விட்டு எந்த வெப்பநிலையில் போகிறது, எந்த வெப்பநிலையில் திரும்பி வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வேண்டும். நொடிக்கு 20 லிட்டர் ஓடி, 7 டிகிரியில் போய், 12 டிகிரியில் திரும்பினால், 20 × 4.19 × 5 = 419 கிலோவாட். சில்லர்காரர்கள் பேசும் டன்னில் சொன்னால், ஒரு டன் 3.517 கிலோவாட் என்பதால், இது 119 டன். (இந்த டன் என்பது எடையல்ல. 907 கிலோ பனிக்கட்டி ஒரு முழு நாளில் உருகும்போது என்ன வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம். பனிக்கட்டியை வைத்துக் குளிர்வித்த காலத்தின் அளவு இன்றும் நம் பேச்சில் தங்கிவிட்டது.)

அந்த நேரத்தில் சில்லர் 75 கிலோவாட் மின்சாரம் இழுத்தால், டன்னுக்கு 0.63 கிலோவாட். அடுத்த வருடம் அதே 119 டன்னுக்கு 95 கிலோவாட் இழுத்தால் 0.80. அதே வேலைக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதல் மின்சாரம். நான் போன ஒரு கட்டடத்தில் இரண்டு வருடமாக யூனிட் ஏறிக்கொண்டே இருந்தது. வெயில் அதிகம், ஆட்கள் அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தை அளந்த அன்றே விஷயம் வெளியே வந்தது: குளிர்ச்சித் தேவை கூடவே இல்லை. கண்டென்சர், அதாவது சில்லர் தன் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி, அதன் குழாய்களுக்குள் உப்புப் படிந்து, சில்லர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

கேள்வி: அம்மா, அரை சதவீதத் துல்லியம் என்று சொல்லி மின்காந்த ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். இருந்தும் குளிர்ச்சிக் கணக்கு நம்பும்படியாக இல்லை. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் வெப்பநிலை சென்சார்களைப் பாருங்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். கவனம், செலவு எல்லாம் ஃப்ளோ மீட்டருக்குப் போகிறது. அதோடு கைகோத்து வேலை செய்ய வேண்டிய இரண்டு சென்சார்களையும் கிடைத்த பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிவிடுகிறார்கள்.

நமக்கு வேண்டியது 7 டிகிரியும் அல்ல, 12 டிகிரியும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 5 டிகிரிதான் வேண்டும். சாதாரண பி வகுப்பு பி.டி.100 சென்சார் (சூடு ஏறினால் மின்தடை ஏறும் பிளாட்டினக் கம்பி) இந்த வெப்பநிலையில் 0.3 டிகிரிக்குச் சற்று அதிகமாகவே கூட்டியோ குறைத்தோ காட்டலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் தவறினால் 0.6 டிகிரிக்கு மேல் போய்விடும். ஐந்தில் 0.6 என்பது 12 சதவீதம். இப்போது அந்த அரை சதவீத மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அதனால்தான் வெப்ப மீட்டர்களுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து இணை சேர்த்த சென்சார்களைத் தருகிறார்கள். இணையில் ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுங்கள். ஒயரையும் கவனியுங்கள். பி.டி.100 சென்சாரில் ஒரு டிகிரி என்பது 0.385 ஓம் மட்டுமே. இரண்டு ஒயர் போட்டு நீளமாக இழுத்தால், ஒயரின் தடையே ஒரு டிகிரியை ஏற்றிக் காட்டிவிடும். நான்கு ஒயர் போடுங்கள், இல்லையென்றால் பி.டி.1000 போடுங்கள், அதில் ஒரு டிகிரிக்குப் பத்து மடங்கு ஓம் மாறும்.

நான் எங்கே போனாலும் ஒரு பிளாஸ்க் எடுத்துப்போவேன். அதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, இரண்டு சென்சார்களையும் ஒன்றாக முக்கி, நன்றாகக் கலக்கிவிட்டு, திரையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பத்து நிமிட வேலை. ஒருமுறை ஒரு பெரிய கட்டடத்தில் இப்படிப் பார்த்தபோது இரண்டும் அச்சாக ஒன்றாகவே காட்டின. திருப்தியாக இருந்திருக்கலாம், ஆனாலும் அவை குழாயில் எங்கே இருந்தன என்று போய்ப் பார்த்தேன். போகும் குழாயில் சென்சார், கிணறு என்று நாங்கள் சொல்லும், தண்ணீருக்குள் நீட்டிய மூடிய சிறு குழலுக்குள் இறங்கியிருந்தது. திரும்பும் குழாயிலோ, காப்புறைக்கு அடியில், குழாயின் மேல் தோலில் பட்டையால் கட்டியிருந்தார்கள். அறையின் சூடு அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது. 4 டிகிரி வித்தியாசம் 4.8 ஆகத் தெரிந்தது. அதாவது தருகிற குளிர்ச்சியைவிட 20 சதவீதம் அதிகமாகத் தருவதாகக் கணக்கு. சுமை 80 சதவீதத்தைத் தொட்டால் இரண்டாவது சில்லரைக் கிளப்பு என்று கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையான சுமை 67 சதவீதமாக இருக்கும்போதே இரண்டாவது சில்லர் ஓட ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருக்கிறது.

எனவே உங்கள் சென்சார்கள் கிணற்றுக்குள் இருக்கின்றனவா, நுனி குழாயின் நடுவை எட்டுகிறதா, கிணற்றில் காற்று நிற்காமல் வெப்பம் கடத்தும் பசை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குழாய்கள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சென்சார் இருந்தால் தள்ளி வையுங்கள். அங்கே தண்ணீர் இன்னும் கலந்திருக்காது.

இன்னொன்று: தண்ணீரில் உறையாமலிருக்க கிளைக்கால் கலந்திருக்கிறீர்களா? 30 சதவீத எத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர், லிட்டருக்கு லிட்டர், வெறும் தண்ணீரைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவான வெப்பத்தையே சுமக்கும். மீட்டருக்கு அதைச் சொல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர் என்று நினைத்துக் கணக்குப் போடும்.

கேள்வி: குழாயை வெட்டாமல் வெளியே கட்டி அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் எப்படி வேலை செய்கிறது? நம்பலாமா? (பொறியியல் மாணவி)

பதில்: ஆற்றில் ஓட்டத்தோடு போகும் படகு சீக்கிரம் சேரும், எதிர்த்து வரும் படகு தாமதமாகும். அதே கதைதான். ஒலி ஒருமுறை ஓட்டத்தோடு போகிறது, ஒருமுறை எதிர்த்து வருகிறது. இரண்டு பயணத்துக்கும் இடையே உள்ள நேர வேறுபாட்டிலிருந்து தண்ணீரின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர் ஓடும். 200 மில்லிமீட்டர் குழாயில் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், அந்த நேர வேறுபாடு ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கி அதில் இரண்டு கூறு அளவுக்குத்தான் வரும். இவ்வளவு சிறியதை அளக்க முடிகிறதே என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நம்பலாம். ஆனால் கருவிக்கு நீங்கள் உண்மை சொல்ல வேண்டும். குழாயின் வெளிவிட்டம், சுவரின் தடிமன், உலோகம், உள்பூச்சு எல்லாம் நீங்கள் கொடுப்பவை. 200 மில்லிமீட்டர் வெளிவிட்டக் குழாயில் சுவர் 8 மில்லிமீட்டர் இருக்க 6 என்று கொடுத்தால், உள்பரப்பில் மட்டும் 4 சதவீதம் பிழை. அதனால் தடிமன் அளக்கும் கருவியையும் கூடவே கொண்டுபோங்கள். படுக்கையாகப் போகும் குழாயில் சென்சார்களைப் பக்கவாட்டில், கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடத்தில் வையுங்கள். உச்சியில் காற்றுக் குமிழி நிற்கும். அடியில் சேறு படியும்.

நேர்க்குழாயும் வேண்டும். முழங்கை, வால்வு, பம்பு இவற்றைத் தாண்டி வரும் தண்ணீர் சுழன்றுகொண்டு வரும். மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேராக இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 200 மில்லிமீட்டர் குழாய்க்கு அது 2 மீட்டரும் 1 மீட்டரும். நெருக்கியடித்துக் கட்டிய இயந்திர அறையில் அந்த மூன்று மீட்டரைத் தேடி அரை நாள் அலைந்திருக்கிறேன். வரைபடம் போடும்போதே மீட்டருக்கு இடம் ஒதுக்கச் சொல்லி நீங்கள் வேலைக்குப் போன பிறகு சண்டை போடுங்கள்.

கேள்வி: ஓட்டத்தை அளக்க முதலில் முயன்றவர்கள் யார்?

பதில்: 1732-ல் ஹென்றி பிட்டோ ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை சேன் ஆற்றில் இறக்கி நீரின் வேகத்தைப் பார்த்தார். ஏர் டக்டுகளில் இன்றும் நாம் நுழைப்பது அவர் பெயரிலுள்ள குழாயைத்தான். குறுகும் குழாயில் அழுத்தம் குறைவதை வெஞ்சுரி 1797-ல் எழுதினார். அதைத் தண்ணீர் மீட்டராக்கிய கிளெமென்ஸ் ஹெர்ஷல் தன் பெயரை வைக்காமல் வெஞ்சுரியின் பெயரை வைத்தார். எனக்குப் பிடித்தவர் ஃபாரடே. பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் தேம்ஸ் ஆறு மின்னழுத்தம் தரும் என்று எண்ணி, 1832-ல் வாட்டர்லூ பாலத்திலிருந்து மின்முனைகளை ஆற்றில் இறக்கிப் பார்த்தார். அன்று சரியாக அளக்க முடியவில்லை. ஆனால் எண்ணம் சரி. முந்தைய வாசகர் வாங்கிய மின்காந்த மீட்டர் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

கேள்வி: நான் சில்லர் ஆபரேட்டர். 7 டிகிரியில் அனுப்பினால் 12-ல் திரும்ப வேண்டும். எங்களுக்கு 9.5-லேயே திரும்பி வருகிறது. சென்சார் கோளாறு, விட்டுவிடு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பதில்: உங்கள் மனம் சொல்வதை விட்டுவிடாதீர்கள். முதலில் பிளாஸ்க் சோதனை செய்துவிடுங்கள், சென்சார்மேல் பழி சொல்ல யாருக்கும் இடமிருக்காது. சென்சார் சரி என்றால், உங்கள் தண்ணீர் வேலை செய்யாமல் சுற்றி வருகிறது என்று பொருள்.

5 டிகிரிக்குப் பதில் 2.5 டிகிரி என்றால், அதே குளிர்ச்சியைத் தர இரண்டு மடங்குத் தண்ணீரை ஓட்ட வேண்டும். பம்பு தேவைக்கு மேல் ஓடும். ஒரு சில்லரில் அந்த ஓட்டம் அடங்காததால், சுமை பாதியாக இருக்கும்போதே இரண்டாவதைக் கிளப்ப வேண்டி வரும். பம்பின் வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு மும்மடிக் கணக்கு: உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் சுற்றில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் பம்பு கேட்பது ஏறத்தாழ 51 சதவீதம். தேவையில்லாமல் ஓடும் ஒவ்வொரு லிட்டரும் இந்தக் கணக்கை எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

காரணத்தைத் தேடும்போது ஏ.ஹெச்.யூ.க்களிலிருந்து (குளிர்ந்த தண்ணீரால் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டிகள்) ஆரம்பியுங்கள். அப்படி ஒரு கட்டடத்தில் 14 ஏ.ஹெச்.யூ.க்களையும் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். மூன்றில் ஃபேன் நின்றிருந்தது, ஆனால் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. 7 டிகிரித் தண்ணீர் உள்ளே போய், காற்றையே தொடாமல், ஏறக்குறைய 7 டிகிரியாகவே திரும்பி மற்ற தண்ணீரோடு கலந்தது. இன்னொன்றில் காற்றின் செட் பாயிண்ட்டை (எட்ட வேண்டிய வெப்பநிலையை) யாரோ எட்டவே முடியாத அளவுக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். வால்வு என்றைக்கும் மூடாது. மூவழி வால்வு இருந்தால் அதன் பைபாஸ் (காயிலுக்குள் போகாமல் தண்ணீர் திரும்பும் சுற்றுவழி), காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஒட்டிய அழுக்கு, சில்லர் அறையிலேயே போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைக்கும் பொதுக் குழாய், இவற்றையும் பாருங்கள். அந்தப் பொதுக் குழாயில் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தாலே பாதிக் கேள்வி தீரும். உங்களைப்போல் எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படும் ஆபரேட்டர் ஒருவர் இருக்கும் இடத்தில் என் வேலை எப்போதும் சுலபமாகியிருக்கிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மையமாகச் சூடாக்கி வீடுவாரியாக வெப்ப மீட்டர் வைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டு மீட்டரையும் கூட்டினால் பாய்லர் அறையின் மீட்டரைவிடக் குறைவாக வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: கூட்டினால் குறைவாகத்தான் வரும். பாய்லர் அறையிலிருந்து உங்கள் வாசல் வரை ஓடும் குழாய்கள் வழியெல்லாம் சூட்டை இழந்துகொண்டே வருகின்றன. வீடுகளில் யாரும் வெப்பம் எடுக்காத நேரத்திலும் அந்த இழப்பு நிற்காது. அதோடு வீட்டு மீட்டர்கள் மிகக் குறைந்த ஓட்டத்தையும், மிகச் சிறிய வெப்பநிலை வித்தியாசத்தையும் சரியாகப் பிடிப்பதில்லை. பல மீட்டர்களுக்கு 3 டிகிரிதான் கீழ் எல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இழப்பை வீடுகளின் கணக்கில் கரைத்துவிடாமல், பில்லில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். தனியாகத் தெரிந்தால்தான் அது மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா, காப்புறை பிய்ந்திருக்கிறதா என்று கேட்க முடியும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்: இழப்பு இருப்பது தவறல்ல, மறைப்பது தவறு.

கேள்வி: சில்லரின் பவர் மீட்டர், நாங்கள் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டுகிறது. (எலெக்ட்ரீஷியன்)

பதில்: பெரும்பாலும் ஒரு சி.டி. (மின்னோட்டத்தை அளக்கக் கம்பியைச் சுற்றி மாட்டும் வளையம்) தலைகீழாக மாட்டியிருக்கும். மூன்று ஃபேசில் இரண்டு கூட்டிக்கொடுக்க, ஒன்று கழித்துவிடுகிறது. மிச்சம் ஒரு பங்கு. ஃபேஸ் வாரியாகக் கிலோவாட்டைத் திரையில் பாருங்கள், மைனஸ் காட்டுவதைத் திருப்பி மாட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு. ஓடும்போது சி.டி.யின் ஒயரைக் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கேள்வி: எல்லா மீட்டரும் போட்டாயிற்று. எது உண்மை சொல்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒன்றுக்கு ஒன்றைச் சாட்சியாக வையுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸருக்குக் கொடுத்த மின்சாரமும் சேர்ந்துதான் கண்டென்சர் வழியாகக் கூலிங் டவர் பக்கம் வெளியேற வேண்டும். வேறு போக்கிடம் இல்லை. முதல் கேள்வியில் பார்த்த 419-ஐயும் 75-ஐயும் கூட்டினால் 494 கிலோவாட். கண்டென்சர் பக்கத்தில் தனியாக ஓட்டமும் வெப்பநிலையும் அளந்து 490 வந்தால் நிம்மதியாக இருங்கள். 560 வந்தால் எங்கோ ஒரு மீட்டர் தவறுகிறது. 5 சதவீதத்துக்குள் வரும்வரை நான் அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதில்லை. மூன்று நாள் தங்கியதும் உண்டு. கண்டென்சர் பக்கம் மீட்டர் எதற்கு, அந்த வெப்பத்தை யாரும் வாங்குவதில்லையே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அது இல்லையென்றால் மற்ற இரண்டையும் சோதிக்க உங்களிடம் எதுவும் இல்லை.

கேள்வி: மணிக்கு ஒருமுறை சராசரி ஓட்டத்தையும் சராசரி வெப்பநிலை வித்தியாசத்தையும் பெருக்கி ஆற்றல் கணக்கிடுகிறோம். சரிதானே?

பதில்: சரியல்ல. முதல் அரைமணி நொடிக்கு 40 லிட்டர், 2 டிகிரி. அடுத்த அரைமணி 10 லிட்டர், 8 டிகிரி என்று வையுங்கள். இரண்டு அரைமணியிலும் பெருக்கல் 80-தான். ஆனால் சராசரி ஓட்டம் 25, சராசரி வித்தியாசம் 5, பெருக்கினால் 125. நிமிடத்துக்கு நிமிடம் பெருக்கி, பிறகு கூட்டுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஃப்ளோ மீட்டரே இல்லை. இப்போதைக்கு வாங்கவும் வழியில்லை. எதுவும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். பம்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பாருங்கள். ஆனால் இரண்டு கேஜ் வைக்காதீர்கள். ஒரே கேஜை, இரண்டு பக்கமும் திறக்கும்படி சிறு வால்வுகளோடு, ஒரே உயரத்தில் மாட்டி, மாற்றி மாற்றிப் படியுங்கள். கேஜில் பிழை இருந்தாலும், அது இரண்டு பக்கமும் ஒரே பிழையாக இருந்தால் கழித்தலில் போய்விடும். வித்தியாசம் 2.4 பார் என்றால் ஏறக்குறைய 24.5 மீட்டர் தண்ணீர் உயரம். பம்பு தயாரிப்பாளர் தந்த வளைகோட்டில் அந்த உயரத்துக்கு நேராக ஓட்டம் எவ்வளவு என்று பாருங்கள். பம்பு முழு வேகத்தில் ஓட வேண்டும், தேய்ந்துபோன பம்பு சற்று அதிகமாகவே சொல்லும். தோராயம்தான். வெப்பநிலைக்கும் அப்படியே: ஒரே தெர்மாமீட்டரை இரண்டு கிணற்றிலும் மாற்றி வைத்து, முள் நிலைக்கும்வரை காத்திருங்கள்.

ஒரு நோட்டில் தினமும் ஒரே நேரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: அழுத்த வித்தியாசம், போகும் தண்ணீர், திரும்பும் தண்ணீர், சில்லரின் கிலோவாட், வெளிக்காற்றின் வெப்பநிலை. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.